ட்ரேசர் கையில் வாட்டர் கலர்

அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் அலுங்காமல் இன்னொரு கோடு போட்டுச் சம்பளம் வாங்குவதுதான் ட்ரேசர் வேலை. ஆர்க்கிடெக்ட் பென்சிலில் கிறுக்குவார். டிராஃப்ட்ஸ்மேன் அதை அளவோடு வரைவார். அதன் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து, தெரிகிற கோட்டை இங்க் பேனாவால் நாங்கள் போடுவோம். சுவர் எங்கே வர வேண்டும், ஜன்னல் எத்தனை அடி என்றெல்லாம் எங்களை யாரும் கேட்டது கிடையாது. நாங்களும் கேட்டது கிடையாது.

ட்ரேசருக்குப் பேனாவை விட முக்கியம் அரை பிளேடு. கோடு தப்பினால் பிளேடால் லேசாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே மறுபடியும் கோடு போட்டால் தப்பு நடந்த இடமே தெரியாது. இப்படிச் சுரண்டிச் சுரண்டியே பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் "நாளையிலிருந்து உனக்கு வேறு வேலை" என்ற பேச்சைக் கேட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கூட்டம்.

மெஷின் வந்தது

தொண்ணூறுகளின் பின்பாதி. காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஆர்க்கிடெக்ட் குல்கர்னி சார். டிராஃப்ட்ஸ்மேன் பாஸ்கரண்ணா, அத்திபெலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர். டைப்பிங்குக்கும் டெலிபோனுக்கும் ரெஹானா. என்னோடு இருந்த இன்னொரு ட்ரேசர் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஆகவே வீட்டுக்கு அனுப்புவதென்றால் நான் ஒருத்திதான் பாக்கி.

கம்ப்யூட்டர் வந்தது. கூடவே பிளாட்டர் என்று ஒரு மெஷின். நான் அரை நாள் குனிந்து போடுகிற பிளானை, பேனாவைத் தானே பிடித்துக்கொண்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் போட்டு வைத்தது. கோணல் இல்லை, சுரண்டல் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அப்பா வேலை பார்த்த மில் படுத்து வருஷக்கணக்காகிவிட்டது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது.

அதே சமயத்தில் எங்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ் படம் போட்டுக் கொடுத்தவர் மஸ்கட் போய்விட்டார். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று வானம், மரம், ரோடு எல்லாம் வைத்து வாட்டர் கலரில் போடுகிற படம் அது. பிளானைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழிக்கிற பார்ட்டி, இந்தப் படத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார். ஹெப்பகோடியில் முனிராஜு என்பவர் ஃபிளாட் கட்டப் போகிறார், அதன் விளம்பர நோட்டீசுக்கு ஒரு படம் வேண்டும், ஆயுத பூஜைக்குள் வேண்டும். அதற்குள் நான் கற்றுக்கொண்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வேறு ஆபீசில் சொல்லி வைக்கிறேன் என்றார் சார். வேறு ஆபீசிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முயற்சி செய்து பார் என்று கன்னடமும் தமிழுமாக அவர் சொன்னது இதுதான்:

"கோடு எல்லாம் இனிமே மெஷின் போடும் செல்வி. கலர் அதுக்கு வராது. ட்ரை மாடி நோடு."

கல்லாகிப்போன டியூபுகள்

மஸ்கட்காரர் விட்டுப்போன கலர் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். பிரஷ்கள், ஒரு கிண்ணம், கந்தல் துணி, உருகி வழிந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று, வயிறு ஒட்டிப்போன டியூபுகள். மூடியைத் திருகினால் டியூப்தான் திருகிக்கொண்டது. ட்ரேசருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பிளேடு. டியூபின் முதுகைக் கிழித்தேன். உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள். எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தன. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து ஈர விரலால் ஒன்றைத் தொட்டேன். விரல் நீலமானது. அடுத்ததைத் தொட்டேன், பழுத்த இலை மாதிரி ஒரு பழுப்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. பயந்துகொண்டு ஆரம்பித்த வேலையில் அப்போதுதான் முதல் முதலாக, அடுத்தது என்ன கலர் என்ற ஆசை வந்தது.

ரெஹானா டிபன் பாக்ஸோடு வந்து என் மேஜையை எட்டிப் பார்த்தாள்:

"இத எங்கம்மா கையில குடுத்தா பெருங்காயம்னு சாம்பார்ல போட்டுருவாங்க. பாத்து எடுத்து வெய்யி."

செங்கல் செங்கலாக

முதல் படம் லிங்கராஜபுரத்தில் ஒரு செங்கல் வீடு. கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு. மிகச் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு செங்கல்லாக நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு. ஒரு செங்கல் கலர் அடுத்த செங்கல்லைத் தொடவில்லை. வானத்துக்கு ஒரே நீலம். கூரை ஓரத்தில் ஸ்கேல் வைத்து வெட்டியது போல் நிறுத்தினேன். கழுத்து வலித்தது, கண் எரிந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு கர்வம்.

சார் படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். பாஸ்கரண்ணாதான் வந்து கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்:

"ஒரு தப்பும் இல்ல செல்வி. எல்லா செங்கல்லும் ஒரே நாள்ல ஒரே ஆஸ்பத்திரில பொறந்தாப்புல இருக்குது, அவ்ளோதான்."

பேப்பருக்குக் குளியல்

அலமாரிக்குப் பின்னால் மஸ்கட்காரர் பாதியில் விட்ட படம் ஒன்று பலகையோடு கிடைத்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம். இடது பக்கம் முடிந்திருந்தது, நடுவில் பாதி, வலது பக்கம் வெறும் பென்சில். முடிந்த படத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பாதிப் படத்தில் எது முதலில், எது பிறகு என்று அப்படியே தெரிந்தது. வானத்தை முதலில் போட்டிருந்தார், அதுவும் கட்டடத்தின் தலைக்கு மேலேயே ஓட்டிவிட்டிருந்தார். வெளிறிய கலர்கள் கீழே, அழுத்தமான கலர்கள் மேலே. நான் செய்தது நேர் தலைகீழ்.

இன்னொன்றும் பார்த்தேன். என் பேப்பர் தண்ணீர் பட்டதும் அப்பளமாய்ப் பொங்கி, பள்ளத்தில் கலர் தேங்கி நின்றது. அவருடையது பலகையோடு பலகையாகக் கிடந்தது. நாலு பக்கமும் பழுப்பு கம் டேப் ஒட்டியிருந்தார். நானும் ஒட்டினேன், என்னுடையது டேப்போடு சேர்ந்து பொங்கியது. அப்புறம்தான் யோசித்தேன்: பொங்குகிற வரை பொங்கட்டும், முதலிலேயே பொங்கவிட்டு ஒட்டினால் என்ன? பேப்பரை முழுசாகத் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கிப் பலகையில் விரித்து ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் விரலால் சுண்டினால் மேளம் போல் சத்தம் வந்தது.

பாத்ரூம் வாளியில் பேப்பரை முக்கிக்கொண்டிருந்தபோது, வீடு கட்டுகிற விஷயமாக வந்து காத்திருந்த ஒரு பெரியவர் கை கழுவ வந்தார். என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தவர் கேட்டார்:

"பிளான் போடறதுக்கு முன்னாடி பேப்பருக்கு எண்ணெ தேச்சு விடற பழக்கமும் உண்டாம்மா?"

கரண்ட் போன சாயங்காலம்

வெள்ளை கலர் டியூப் மட்டும் அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. ஆனால் மஸ்கட்காரரின் பாதிப் படத்தில் ஜன்னல் கம்பிகளும், தண்ணீர்த் தொட்டியின் பளபளப்பும் வெள்ளையாகவே இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே எந்தக் கலரும் இல்லை, அது பேப்பரேதான். அதை விட்டுச் சுற்றிக் கலர் போட்டிருக்கிறார் என்றால் இவ்வளவு மெல்லிய கோட்டை யாரால் சுற்ற முடியும்? அந்தக் கேள்வி என்னை வீட்டுக்கும் ஆபீசுக்கும் துரத்திக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் மாசம், மழை பிடித்த சாயங்காலம். வழக்கம்போல கரண்ட் போனது. கலர் பெட்டியிலிருந்த மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தினேன். ஒரு சொட்டு பேப்பரில் விழுந்தது. அடடா என்று துடைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. கரண்ட் வந்ததும், பாழானது பாழானதுதானே என்று அதன் மேலேயே கலரை ஓட்டினேன். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் கலர் ஒட்டாமல் விலகி ஓடியது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. மெழுகுவர்த்தி கரண்ட் போவதற்காக வைத்ததல்ல. அதை பென்சில் மாதிரி சீவி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே கோடு போட்டிருக்கிறார் மனுஷன். பாஸ்கரண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே:

"ஐயோ, அவரு மெழுகுவர்த்தி எங்க எங்கன்னு தேடுவாரு. நாந்தான் கரண்ட் போறப்பல்லாம் எடுத்துக் கொளுத்திட்டு இருந்தேன்."

நிழல் யாருடையது

நிழலுக்குக் கறுப்பு போட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதைப் போடுவது? நிழல் கறுப்புதானே? சார் என் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டின் ஓரத்தில் தார் ஊற்றியது போல் இருக்கிறது, ரோட்டில் போகும்போது நிழலைப் பார் என்று மட்டும் சொன்னார். அத்தனை வருஷம் அந்த ரோட்டில் நடந்திருக்கிறேன், நிழலில் ஒதுங்கி நின்றிருக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஜீவனஹள்ளியில், எங்கள் தெருக்கோடியில் வெள்ளையடித்த சுவர் ஒன்றின் மேல் எதிர் வீட்டு நிழல் விழுந்திருந்தது. நின்றேன். கையை உருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தேன். கறுப்பே இல்லை. நாவல்பழத் தண்ணீர் போல ஒரு நிறம், தரைப் பக்கம் வர வர மண்ணின் சிவப்பு ஏறி இருந்தது. வெயில் படுகிற இடம் வெள்ளை என்று நினைத்திருந்தேன், அதில் மஞ்சள் இருந்தது. நான் பாட்டுக்குக் கிட்டே போய், எட்டப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டு அம்மா கையில் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டார். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டார். சுவரையா என்று சந்தேகமாகக் கேட்டதால், இல்லைம்மா, நிழலைத்தான் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்:

"நெழலு எங்களுது இல்லம்மா, எதிர் வீட்டுக்காரங்களுது. எதுனா கேக்கணும்னா அவங்களப் போய் கேளு."

வாசலில் நின்ற வெள்ளைக்காரி

கட்டடத்துக்குப் பக்கத்தில் மனுஷர்கள் நின்றால்தான் அது எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் புரியும். பாஸ்கரண்ணா தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டு ஷீட் எடுத்துக் கொடுத்தார். நிற்கிற மனுஷர், நடக்கிற மனுஷர், பெஞ்சில் உட்கார்ந்த மனுஷர் என்று அச்சடித்த படங்கள். எந்த ஆர்க்கிடெக்ட் ஆபீசிலும் இருக்கும். எல்லாம் ஏதோ சீமையிலிருந்து வந்தது. ட்ரேசருக்கு இதை விட என்ன வேண்டும்? கோட்டின் மேல் கோடு. ஒரு பொம்பளையை எடுத்து லிங்கராஜபுரம் வீட்டு வாசலில் நிறுத்திக் கலர் அடித்தேன். முட்டி வரை கோட்டு, தலையில் தொப்பி, கையில் சங்கிலி, சங்கிலியின் முனையில் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தோடு ஒரு நாய்.

நான் ஆளைப் பார்க்கவில்லை, ட்ரேஸ் பண்ண வேண்டிய கோடுகளைத்தான் பார்த்தேன். பார்த்தது அந்த வீட்டுக்காரம்மா. படத்தைக் கையில் வாங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்க்கவில்லை. அன்றைக்கே அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ரெஹானாவைக் கையில் கூடையோடு மாடிப்படியில் நிற்கவைத்துப் பார்த்துப் பழகினேன். அவள் துப்பட்டா காற்றில் பறப்பதைப் போடுவதற்குள் அவள் பொறுமை பறந்துவிடும். ஆனால் வீட்டுக்காரம்மா அன்று கேட்டதை நாங்கள் யாரும் மறக்கவில்லை:

"எல்லாம் சரி. எங்க வீட்டு வாசல்ல நிக்கிற இந்த வெள்ளைக்காரம்மா யாரு, மேல் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தவங்களா?"

பூஜை ரூம் ஜன்னல்

பானஸ்வாடியில் வீடு கட்டுகிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், நான் கலர் அடிப்பதைப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்ப்பார். நல்ல மனுஷர், எல்லாவற்றையும் கேட்பார். இந்த பிரஷ் இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, எதில் செய்தது என்று கேட்டார். பெருமையாக, அணில் முடி என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் சுருங்கியது. சுத்த சைவம், அதிலும் அணில் என்றால் ராமர் தடவிக் கொடுத்த பிராணி. எழுந்து போய்விடுவாரோ, சாரிடம் சொல்லி என் பிழைப்பைக் கெடுப்பாரோ என்று பயந்துகொண்டே பிரஷ்ஷைக் கழுவினேன். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். படத்தில் கிழக்குப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஜன்னலைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மத்ததெல்லாம் இருக்கட்டும். பூஜை ரூம் ஜன்னல மட்டும் பஞ்சுல போட்டுடும்மா."

அரை பிளேடு

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. ஹெப்பகோடி படம் பலகையில் ஏறியிருந்தது. மூன்று மாடி ஃபிளாட், பின்னால் ஏரி, முன்னால் ரோடு. ஏரியின் மினுமினுப்புக்கு மெழுகுவர்த்தியை முதலிலேயே ஓட்டிவிட்டேன். நிழலில் கறுப்பு இல்லை. வாசலில் புடவை கட்டிய பொம்பளைகள். மறுநாள் முனிராஜு பார்க்க வருகிறார். வாசல் கேட்டுக்கு மட்டும் அழுத்தமான கலர் பாக்கி. பிரஷ் நிறைய எடுத்துக்கொண்டு குறுக்கே போனேன். சொட்டியது. கீழ்த்தள ஃபிளாட்டின் முன் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பளிச்சென்று வெளிச்சம் விழுந்திருந்த இடத்தில்.

வேறு யாராக இருந்தாலும் துணியால் ஒற்றி எடுத்திருப்பார்கள். என் கை, என்னைக் கேட்காமலே, அரை பிளேடுக்குப் போனது. ஈரத்தோடு சுரண்டினேன். நகத்தால் தேய்த்தேன். மேலே சுவர்க் கலரைப் பூசினேன். ட்ரேசிங் பேப்பராக இருந்தால் இந்நேரம் ஒன்றும் தெரியாது. இது பஞ்சுப் பேப்பர். சுரண்டிய இடம் பஞ்சு பஞ்சாகக் கிளம்பி, பூசியதை எல்லாம் குடித்து, கைப்பிடி அகலத்துக்குக் கறுத்துப்போய் நின்றது. இந்தத் தப்பு வாட்டர் கலர்காரருக்கு வராது, சின்னப் பிள்ளைக்குக்கூட வராது. ட்ரேசருக்கு மட்டும்தான் வரும்.

மறுபடி ஆரம்பிக்க நேரம் இல்லை. அத்தனை நாள் கற்றதும் வீண், வேலையும் போச்சு என்று தெரிந்துவிட்டது. ரெஹானா முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பாஸ்கரண்ணா பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த மஸ்கட்காரரின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் படத்தருகே நின்று, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்:

"இந்த ஆளு படத்துல எல்லாத்துலயும் ஏன் ஒரு மரம் நின்னுச்சுன்னு இப்பதான் தெரியுது."

யாவ மரம்?

மரம் போட்டேன். எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். கறுத்த இடத்தின் மேல் அடிமரம் வந்தது. சுரண்டிக் கிளம்பிய பஞ்சு, மரப்பட்டைக்கு என்று செய்தது போல அமைந்தது. கிளை முதல் மாடி வரை போயிற்று. கீழ்த்தள ஜன்னல் பாதி இலைக்குள் மறைந்துவிட்டது. சார் பார்த்தார். பிளானில் மரம் இல்லையே என்றார். இல்லை சார் என்றேன். அவர் புருவம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

முனிராஜு ஹெப்பகோடிக்காரர். பரம்பரை நிலத்தில் இப்போது கட்டடம் பயிரிடுகிறவர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு படத்துக்கு முன்னால் குனிந்தார். அவர் விரல் நேராக என் தப்பு இருந்த இடத்துக்குப் போனது. "இது யாவ மரம்?" என்று கேட்டார். புங்கம் என்றேன். ஹொங்கேயா என்று கன்னடத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டார். நோட்டீசை அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். என் வேலை என்ன ஆகும் என்று சாரைக் கேட்டதற்கு, நோட்டீசைப் பார்த்து ஆள் வரட்டும், நோடோணா என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். கன்னடத்தில் கேட்டாலும் பார்க்கலாம் பார்க்கலாம்தான். முனிராஜு படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது மட்டும் அன்றைக்கு ஆறுதல்:

"பில்டிங்கு எல்லாரு நோட்டீசுலயும் ஒரே மாதிரிதாம்மா இருக்குது. இதுல அடியில நின்னு ரெண்டு வார்த்த பேசலாம்போல இருக்குது."

மரத்தின் அளவு

தீபாவளி கழிந்து முனிராஜு மறுபடி வந்தார். நோட்டீசைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார், முகம் சரியில்லை. மேஜை மேல் விரித்து, அதே இடத்தில் விரலை வைத்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அச்சில் கறை தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அவர் சொன்னது வேறு. எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள், கோயமுத்தூர், திருச்சி பக்கத்துப் பிள்ளைகள், சனி ஞாயிறுகளில் சைட்டுக்கு வருகிறார்களாம். லிஃப்ட் உண்டா என்று கேட்பதில்லை, கார்ப்பரேஷன் தண்ணீர் வருமா என்று கேட்பதில்லை. நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைத் தரையைச் சுற்றிப் பார்க்கிறார்கள், மரம் எங்கே என்று கேட்கிறார்கள். வந்த முதல் ஆள் அந்த ஜன்னல்தான் வேண்டுமென்று கீழ்த்தள ஃபிளாட்டுக்கு முன்பணமே கொடுத்துவிட்டாராம். முனிராஜு வாய் தவறி, மரம் வரும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்ன செய்வது? தன் தோட்டத்தில் வளர்ந்த ஹொங்கே ஒன்றை வேரோடு பெயர்த்து, கிரேனில் தூக்கி வந்து அந்த இடத்தில் நடப்போவதாகச் சொன்னார். ஆனால் அந்த இடத்தில் பிளான்படி தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, சம்ப், வருகிறது. சம்ப்பை நகர்த்துங்கள், மரம் நகராது என்று முடித்துவிட்டார்.

குல்கர்னி சார் பிளானைப் பார்த்தார், நோட்டீசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே எனக்கு என்ன தீர்ப்போ என்று நின்றேன். மஸ்கட்காரரின் மேஜை வடக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் காலியாகக் கிடந்தது. நாளையிலிருந்து அங்கே உட்கார், டியூப் வாங்க வேண்டியதை ரெஹானாவிடம் சொல் என்றார். சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் முனிராஜுவுக்கு டீ சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய், பேப்பர் முக்குகிற வாளியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பாஸ்கரண்ணா கம்ப்யூட்டரில் ஹெப்பகோடி பிளானைத் திறந்து வைத்திருந்தார். சம்ப்பை அழித்துவிட்டார். மரத்துக்கு வட்டம் போட வேண்டும், எவ்வளவு பெரிய வட்டம் என்று மெஷினுக்குத் தெரியாது. சாரிடம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்:

"செல்வி, அந்த மரத்துக்கு என்னா டயா வெக்கட்டும், நீயே சொல்லு."

அடுத்தவர் கோட்டின் மேல் கோடு போட்டே பிழைத்த என்னுடைய ஒரு சொட்டின் மேல் கம்ப்யூட்டரே வட்டம் போட்டது. ஹெப்பகோடியில் அந்த வட்டத்துக்குள் இன்றைக்கும் நிழலுக்காக ஸ்கூட்டர் நிறுத்திக்கொள்கிறார்கள்.